பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கல்யாணம் முறிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. பிறந்த ஊர் திண்டுக்கல் பக்கம், கட்டிக்கொடுத்தது திருப்பூரில். கல்யாணமாகி 9 வருடம் ஆகிறது. கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. கணவர் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, 100 ரூபாய் பத்திரத்தில் "மனமொத்துப் பிரிகிறோம், ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், மகன் தகப்பனிடம், மகள் தாயிடம்" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மகளுடன் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகனிடம் போனில் பேசக்கூட விடுவதில்லை. போன மாதம் திருப்பூர் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் வந்தது. "வாங்கினால்தான் கேஸ்" என்று அண்ணன் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தையல் தைத்து மாதம் 7,000 ரூபாய் வரை சம்பாதிக்கிறேன். சம்பாதிக்கிறவளுக்குக் கோர்ட் பணம் கொடுக்காது, வருமானம் குறைந்தவளுக்குப் பிள்ளையும் கொடுக்காது என்கிறார் நாத்தனார். என் 22 பவுன் மாமியாரிடம் இருக்கிறது. மகளிர் ஸ்டேஷனில் அவர்கள் எல்லார் மேலும் புகார் கொடு என்கிறார் அண்ணன். இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்த மாதம் மகனுக்குப் பிறந்தநாள். சட்டை எடுத்து கூரியரில் அனுப்பினால் கேஸ் கெட்டுப்போகுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கவலையெல்லாம் பத்திரத்தின் மேல் இருக்கிறது. எனக்கு அந்தத் திருப்பி அனுப்பிய தபால்தான் பயமாக இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோர்ட் தபாலை வாங்காவிட்டால் கேஸ் நகராது என்று நம் ஊர்ப்பக்கம் ரொம்பப் பேர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. தபால்காரர் உறையின் மேல் "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதித் திருப்பினால், சம்மன் சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே, நீதிபதி எடுத்துக்கொள்ளலாம். "ஆள் இல்லை" என்று எழுதியிருந்தால் கதவில் ஒட்டச் சொல்லலாம், பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொல்லலாம். அதற்கப்புறம் வாய்தா அன்று உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலேயே கேஸ் நடக்கும். உங்கள் கணவர் கூண்டில் ஏறிச் சொல்வதற்கு மறுப்புச் சொல்ல ஆளே இருக்காது. மதுரையில் 22 வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். கணவருக்கு மறுகல்யாணம் ஆன பிறகு, யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய தீர்ப்பு நகலோடு வந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் தபாலைத் திருப்பி அனுப்ப ஒரு அண்ணனோ மாமாவோ இருந்திருக்கிறார்.

அதனால் இந்த வாரமே அது என்ன கேஸ் என்று கண்டுபிடியுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் திருப்பூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கணவர் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கேஸ் நம்பரும் அடுத்த வாய்தா தேதியும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வக்கீல் மூலம் கோர்ட்டில் விசாரிக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. திண்டுக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ஒருவேளை எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆகியிருந்தால், அதை ரத்து செய்ய மனு போட 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் போய் வருவது பெரிய பாடு. கேஸை உங்கள் ஊர்ப் பக்கம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். இப்படிப்பட்ட மனுக்களில் மனைவியின் சிரமத்துக்கு நீதிமன்றங்கள் நல்ல மதிப்புக் கொடுக்கின்றன. ஆனால் மாற்றல் உத்தரவு வரும்வரை திருப்பூரில் வக்காலத்து போட்டு ஆஜராகித்தான் ஆக வேண்டும்.

மனுவின் நகல் கைக்கு வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். "விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்ற காரணத்துக்காக விவாகரத்து கேட்க, தொடர்ந்து 2 வருடம் பிரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆனது ஏழு மாதம். விவாகரத்து மனு என்றால், அவர் பெரும்பாலும் கொடுமை என்ற காரணத்தைத்தான் பிடித்திருப்பார். சமைக்க மாட்டாள், மாமியாரை மதிக்க மாட்டாள், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவாள் என்று வரிசையாக இருக்கும். அதில் பாதி, வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த வாசகம். படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழாமல், ஒவ்வொரு பத்திக்கும் நேராக உங்கள் பதிலைப் பென்சிலில் எழுதிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்தான் முறிக்க முடியும். பெரியவர்கள் பேசி முடித்தாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும் கல்யாணம் அப்படியேதான் இருக்கும். ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள அத்துவிடும் முறைக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. பத்திரமே போதும் என்று உங்கள் கணவரின் வக்கீல் நினைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கவே மாட்டார்.

"ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்ததும் உங்களைக் கட்டாது. சட்டம் கொடுத்த பராமரிப்பு உரிமையை இப்படி எழுதி வாங்கிவிட முடியாது. பிள்ளைகளின் உரிமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை. பெரியவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஆனாலும் அந்தப் பத்திரத்தில் ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் (2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு; கோர்ட் வராண்டாவில் இன்னும் 125 கேஸ்தான்) கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஒரு வரி உண்டு. அந்த "மனமொத்து" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அப்படி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே எந்தச் சூழ்நிலையில் கையெழுத்துப் போட்டீர்கள், யார் யார் இருந்தார்கள், முந்தின வாரம் அடி வாங்கி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்பதையெல்லாம் மனுவில் முதலிலேயே நீங்களே சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்வரை காத்திருந்தால், நீங்கள் மறைத்ததாகிவிடும். இந்த வரி பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இப்படி ஒரு தடையே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் அந்தச் சட்டம்தான் உங்களுக்குத் தோதானது. உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். பாதுகாப்பு, பணம், நகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவரே அறிக்கை எழுதி அனுப்புவார்.

இனி பிள்ளைகள். "மகன் என் வாரிசு" என்று தகப்பன்கள் சொல்வதை வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வியில் வாரிசு என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. 1956-ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் தகப்பன்தான் முதல் இயற்கைப் பாதுகாவலர் என்று இருப்பது உண்மை. அதே சட்டம், 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையின் நலனே என்றும் சொல்கிறது. மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அவளுக்கு 5 வயது முடிந்த மறுநாள் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போதும் அவள் நலனைத்தான் பார்ப்பார்கள்.

மகன் விஷயம் அப்படி இல்லை. அவனுக்கு 8 வயது. ஏழு மாதமாகத் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறான், அங்கேயே பள்ளிக்கூடம் போகிறான். "பையன் இங்கே நன்றாக ஊன்றிவிட்டான், பிடுங்க வேண்டாம்" என்பார்கள். ஒவ்வொரு மாதம் போகப் போக அந்த வாதத்துக்குச் சதை பிடிக்கும். அவன் நிஜமாகவே அங்கே பழகிக்கொண்டுதான் இருப்பான். குடும்ப வழக்கில் பாதி தேதிதான். என்றைக்குக் கேட்டீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று குறுக்கு விசாரணையில் நிச்சயம் கேட்பார்கள்.

ஆகவே உடனே கேளுங்கள். இப்போது திருப்பூரில் ஓடுவது விவாகரத்து மனு என்றால், அதே கேஸில் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி குழந்தையைக் கேட்டு மனு போடலாம். குடும்ப வன்முறை மனுவிலும் கேட்கலாம். முழுப் பொறுப்பு கேட்பதோடு நிற்காமல், வழக்கு முடியும்வரை பார்க்கவும் பேசவும் இடைக்கால உத்தரவு கேளுங்கள். "குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் உத்தரவு வரும். எந்த ஞாயிறு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவது, வாரத்தில் எந்த நாள் சாயந்தரம் வீடியோ கால், பரீட்சை லீவில் எத்தனை நாள் என்று எழுதிக் கேளுங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்க நீதிபதிகள் யோசிப்பார்கள்.

வருமானம் குறைவு என்பதற்காகத் தாயிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள் என்பது தவறு. காசு கொடுக்க வேண்டியது தகப்பன், வளர்ப்பது யார் என்பது வேறு கேள்வி. பள்ளி டைரியில் கையெழுத்துப் போட்டது யார், தடுப்பூசி அட்டை யார் கையில் இருக்கிறது, காய்ச்சல் வந்தபோது லீவு போட்டது யார் என்று பார்ப்பார்கள்.

மகன் விவரமாகப் பேசுகிற வயதில் இருப்பதால் நீதிபதி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம். நான் ஆஜரான ஒரு வழக்கில் பையனுக்கு 9 வயது. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போனதும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எனக்கு அப்பாதான் வேணும், அம்மா கெட்டவங்க" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். நீதிபதி அம்மா அதைக் காதில் வாங்காதது போல, "பையில என்ன டிபன்?" என்று கேட்டார். அப்புறம் யார் கட்டிக் கொடுத்தது, ராத்திரி பயந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று பேச்சு போனது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவன் பையைத் தோளில் மாட்டியிருந்தான். அந்த ஒப்பித்தல், சொல்லிக் கொடுத்த தரப்புக்குத்தான் பாதகமாக முடிந்தது. நீங்கள் மகனைப் பார்க்கும் நாளில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். பள்ளிக்கூட வாசலிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். கணவர் மகளைப் பார்க்க வந்தால் பார்க்க விடுங்கள். பணம் கொடுக்கவில்லை, அதனால் காட்ட மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டத்தில் அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

அடுத்தது பணம். உங்கள் நாத்தனார் ஒரே வாயால், சம்பாதிப்பதால் பணம் கிடையாது என்றும் சம்பாத்தியம் போதாததால் பிள்ளை கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. மனைவிக்குச் சொற்ப வருமானம் இருப்பது தடையில்லை, கணவர் வீட்டில் இருந்த அளவுக்கு ஓரளவாவது வாழ அது போதுமா என்பதுதான் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. 7,000 ரூபாயைத் தொகையில் கணக்குப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதை மறைக்காதீர்கள். தையல் மெஷின் படத்தோடு எதிர்த்தரப்பு வந்து நிற்கும்.

எவ்வளவு கிடைக்கும்? கையில் வரும் சம்பளத்தில் கால் பங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 25 சதவீதம் நியாயமானது என்றது, ஆனால் அது எல்லா வழக்குக்கும் வாய்ப்பாடு இல்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் வந்த தீர்ப்புதான் இன்று எங்களுக்குக் கைப்புத்தகம். இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நான் பார்த்த வேறொரு வழக்கில் கணவர் தன் மாத வருமானம் 12,000 என்று எழுதியிருந்தார். கூடவே இருந்த பேங்க் ஸ்டேட்மென்டில் கார் தவணையாக மட்டும் மாதம் 14,000 போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டே சிரித்துவிட்டது. ஆகவே கணவருடைய கம்பெனி பெயர், பைக், சீட்டு, எல்.ஐ.சி., வாடகைக்கு விட்ட இடம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள்.

அதே தீர்ப்பு, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கிடைக்க வேண்டும் என்றது. இங்கேயும் தேதிதான். நீங்கள் சும்மா இருந்த ஏழு மாதத்துக்கு இந்த வழியில் எதுவும் வராது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. நடப்பில் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். ஒவ்வொரு பாக்கித் தொகையையும், அது விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். ஜெயிலுக்குப் போய் வந்தால் பாக்கி தீர்ந்தது என்று சிலர் வீறாப்பாகச் சொல்வார்கள். தீராது.

நகை உங்களுடையது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் போட்ட நகை சீதனம், அதில் கணவருக்கோ மாமியாருக்கோ பங்கில்லை என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரூபிப்பதுதான் வேலை. கடை பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கல்யாண ஆல்பம், அடகு வைத்த ரசீது, செய்துகொடுத்த ஆசாரி. ஆல்பம் யார் வீட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

போலீஸ் புகார் பற்றி. அடித்தது உண்மை என்றால் கொடுங்கள், தயங்க வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். ஆனால் "எல்லார் மேலும்" என்று அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடித்தவர் பெயரும், அடிக்கச் சொன்னவர் பெயரும் போதும். வேறு ஊரில் குடியிருந்து, பொங்கலுக்கு மட்டும் வந்து போன சொந்தக்காரர்களையெல்லாம் சேர்த்தால், உண்மையான புகாரும் சேர்ந்து நீர்த்துப் போகும்.

ஒருவேளை பேசி முடித்துவிடலாம் என்று அவர்கள் வந்தால், அதற்கும் முறை உண்டு. ஒரு வருடமாவது பிரிந்திருந்த பிறகு, இருவரும் சேர்ந்து கோர்ட்டில் மனு போடலாம். அதற்கப்புறம் 6 மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த வழக்கில் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. பணம், நகை, பிள்ளைகளைப் பார்க்கும் நாள் எல்லாம் அந்த மனுவிலேயே எழுதப்பட வேண்டும். தீர்ப்பு வரும்வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இன்னொரு வெற்றுப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாகச் சட்டை. அனுப்புங்கள். தாய் பிள்ளைக்குச் சட்டை அனுப்பினால் எந்த கேஸும் கெடாது. கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்காமல் திருப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். பிறந்தநாள் அன்று மகனை இரண்டு மணி நேரமாவது பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு அவசர மனுவும் போடச் சொல்லுங்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. சட்டை எடுக்கும்போது மட்டும், உங்கள் ஞாபகத்தில் உள்ள அளவைவிட ஒரு சைஸ் கூட்டி எடுங்கள். ஏழு மாதத்தில் வளர்ந்திருப்பான்.